ஓக் மரத்தில் யாருடைய ஏணி?

நாங்கள் இந்த 18 ஏக்கரை வாங்கியதற்கும் வேட்டைக்கும் சம்பந்தமே இல்லை. மிச்சிகனில், லான்சிங்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் ஒரு பழைய வீடு, அதன் பின்னால் 12 ஏக்கர் வயல், அதற்கும் பின்னால் ஓக்கும் மேப்பிளும் அடர்ந்த ஒரு தோப்பு. வீட்டிலிருந்தே வேலை என்று ஆன காலத்தில், 2021-ல், எனக்குக் காய்கறி போட இடம் வேண்டும், மனைவிக்கு நாலு கோழி வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வயலைப் பக்கத்துப் பண்ணைக்காரர் முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார், ஒரு வருஷம் மக்காச்சோளம், அடுத்த வருஷம் சோயா. அவரே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் தோப்புக்குள் சும்மா நடந்துபோனேன். உள்ளே ஒரு பெரிய ஓக் மரத்தில் 15 அடிக்கு ஒரு இரும்பு ஏணி சாத்தி, பட்டை பட்டையாக வார் போட்டு இறுக்கியிருந்தது. ஏணி உச்சியில் ஒரு இருக்கை, இருக்கைக்குக் கீழே பாதி குடித்த கேட்டரேட் பாட்டில். வார் இறுகிய இடத்தில் மரப்பட்டை உப்பியிருந்ததைப் பார்த்தால் நேற்று கட்டியது மாதிரித் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் பெயரில் பத்திரம், நான் வரி கட்டுகிறேன், எவனோ ஒருவன் என் மரத்தில் ஏணி போட்டு உட்கார்ந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கே கடைக்குப் போய் 'நோ டிரெஸ்பாஸிங்' பலகை ஒரு டஜன் வாங்கி வந்து எல்லையெங்கும் அடித்தேன். (இந்த ஊர்ச் சட்டத்தில் பலகைக்கே அளவு உண்டு. எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்க வேண்டும், பலகை 50 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது.) அப்புறம்தான் பண்ணைக்காரருக்கு போன் போட்டேன்.

அவர் ரொம்ப நிதானமாக, "ஓ அதுவா, அது என் தங்கை பையனோடது, நான்தான் சரின்னு சொன்னேன், மான் வேட்டைக்கு எட்டு வருஷமா அங்கதான் உட்கார்றான்" என்றார்.

நான் சட்டத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மிச்சிகனில் வேட்டை மாதிரிப் பொழுதுபோக்குகளுக்கென்றே தனியாக ஒரு அத்துமீறல் சட்டம் இருக்கிறது. அதன்படி விவசாய நிலத்திலும், அதை ஒட்டிய தோப்பிலும் வேட்டைக்கு நுழைய வேண்டுமானால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வேலி இல்லை, பலகை இல்லை என்பதெல்லாம் செல்லாது. வாய்மொழியாகச் சொன்னாலும் அனுமதிதான், எழுத்தில் இருந்தாலும் அனுமதிதான். அதாவது நான் வேர்க்க விறுவிறுக்க அடித்த பலகைகள் ஒன்றுகூடத் தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. அனுமதியை உரிமையாளர் தரலாம், அல்லது அவருடைய குத்தகைதாரரோ ஏஜெண்டோ தரலாம். பண்ணைக்காரர் என் குத்தகைதாரர். அவருக்குக் குத்தகை விட்டது வயலை மட்டும்தான், தோப்பு அதில் சேராது என்று நான் வாதாடலாம், ஆனால் காகிதத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. முந்தைய உரிமையாளர் பழைய தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே தொடர்ந்தது என் தப்பு. சரி, அந்தப் பையன் அத்துமீறினான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். பையன் என்றார்களே தவிர நாற்பது வயது இருக்கும். ட்ரக்கைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கி எதுவும் இல்லாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவிலிருந்து நாலு அடி தள்ளி நின்றார். நிலம் கைமாறியது தெரிந்ததுமே தான் வந்து கேட்டிருக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்றார். இன்றைக்கே ஏணியைக் கழற்றிவிடவா என்று கேட்டார். நான் வைத்திருந்த வசனம் எல்லாம் போய்விட்டது.

ஊரில் அப்பாவுக்கு போனில் இதைச் சொன்னபோது, "ஏங்கண்ணு, துப்பாக்கிக்காரனைக் கூப்பிட்டு காப்பி வேற குடுத்தயா?" என்றார். எங்கள் ஊர் தாராபுரம் பக்கம், கொறங்காட்டுச் சீமை. மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே போக ஒரு படல். படல் சாத்தியிருந்தால் அடுத்தவர் காட்டுக்குள் ஆடு போகாது, திறந்தவர் திரும்பச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். எழுதாத சட்டம்தான், ஆனால் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரிலோ கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வேலியே இல்லை, அதனால் யாருடையதும் இல்லை என்று நினைத்துவிடுவோம். நானே முதல் மாதத்தில் பக்கத்துக்காரர் நிலத்தில் நடைப்பயிற்சி போயிருக்கிறேன்!

அமெரிக்கா முழுக்க இந்த விஷயத்தில் ஒரு குழப்பம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இங்கிலாந்தில் வேட்டை என்பது ராஜாவுக்கும் பெரிய நிலக்காரர்களுக்கும் உரியது. அது பிடிக்காமல் வந்தவர்கள் இங்கே தலைகீழாக எழுதி வைத்தார்கள். வெர்மாண்ட் மாநிலத்தின் 1777 அரசியல் சாசனத்திலேயே, வேலியிடாத அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடும் சுதந்திரம் குடிகளுக்கு உண்டு என்று இருக்கிறது. மான் நிலக்காரருடையது அல்ல, மாநில மக்கள் எல்லாருக்கும் பொது. ஆனால் அந்த மான் நிற்கிற மண் என்னுடையது. என் சோயாவைத் தின்று கொழுத்த மானை நான் சீசனுக்கு வெளியே, லைசென்ஸ் இல்லாமல் சுட முடியாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் என் அனுமதி இல்லாமல் அதன் பக்கத்தில் வர முடியாது. மொத்தத் தகராறும் இந்த இடைவெளியில்தான்.

டெக்ஸஸில் இருக்கும் நண்பனிடம் கேட்டால் சிரிக்கிறான். அங்கே நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியாருடையது, வேட்டை என்றாலே காசு கொடுத்துக் குத்தகை எடுப்பதுதான். பலகை அடிப்பதற்குப் பதிலாக மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறக் கோடு போட்டால் போதும் என்று 1997-லிருந்து சட்டம். கோடு 8 அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள். பலகையைப் பிடுங்கி எறியலாம், பெயிண்டைப் பிடுங்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் இது.

ஏணி என்றதும் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. வயோமிங்கில் ரயில் கம்பெனிக்கு அந்தக் காலத்தில் நிலம் கொடுத்தபோது, ஒரு சதுர மைல் கம்பெனிக்கு, அடுத்த சதுர மைல் அரசுக்கு என்று செஸ் பலகை மாதிரிப் பிரித்துவிட்டார்கள். அரசு நிலம் எல்லாருக்கும் பொது, ஆனால் ஒரு அரசுக் கட்டத்திலிருந்து அடுத்த அரசுக் கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போக முடியும். 2021-ல் மிசௌரியிலிருந்து போன 4 வேட்டைக்காரர்கள் எல்க் மவுண்டன் பக்கத்தில் ஒரு மூலையில் ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். நில உரிமையாளர் விடவில்லை. அவர்கள் தாண்டியது தன் காற்றுவெளியை என்று வழக்கு, நஷ்டம் 70 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கு! அத்துமீறல் குற்ற வழக்கில் 2022-ல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. சிவில் வழக்கும் மேலே போய், 1885-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றை வைத்து 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பு சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே அக்டோபரில் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. நிலக்காரனாக இருந்தும் நான் இதில் ஏணிக்காரர்கள் கட்சிதான்.

நம்ம ஏணிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஏணி இருக்கட்டும், ஆனால் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், தோப்பின் வடக்கு மூலைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். இங்கே வீட்டிலிருந்து 450 அடிக்குள் அந்த வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் சுடக் கூடாது, நான் அதை 900 அடியாக்கினேன். கூட யாரையும் கூட்டி வரக் கூடாது, வயலுக்குள் வண்டி ஓட்டக் கூடாது, வருகிற அன்று காலையில் ஒரு மெசேஜ். ஒரே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் தரத் தயாராக இருந்தார், நான் வாங்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இலவசமாக உள்ளே விட்டால், அவர் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும் என் மேல் சாதாரணமாக வழக்குப் போட முடியாது என்று இந்த மாநிலச் சட்டம் பாதுகாப்பு தருகிறது, என் பக்கம் படுமோசமான அலட்சியமோ, வேண்டுமென்றே வைத்த ஆபத்தோ இருந்தால் தவிர. காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போச்சு. கிறிஸ்துமஸுக்கு மான் இறைச்சி சாஸேஜ் இரண்டு பொட்டலம் கொண்டுவந்து தருகிறார், அது காசுக் கணக்கில் வருமா என்று வக்கீலைக் கேட்கவில்லை. நன்றாக இருக்கும், மிளகு தூக்கலாக.

இங்கே துப்பாக்கி சீசன் வருஷா வருஷம் நவம்பர் 15-ல்தான் ஆரம்பம், என்ன கிழமையானாலும் சரி. அன்றைக்கு நம்மூர்த் தீபாவளி மாதிரிதான், விடியலுக்கு முன்பே நாலு திசையிலும் வெடிச்சத்தம். இரண்டு வருஷம் கழித்து அப்படி ஒரு சீசன் நாளில், சாயந்திரம் ஆறேகால் இருக்கும், நன்றாக இருட்டிவிட்டது, யாரோ கதவைத் தட்டினார்கள். எனக்குத் தெரியாத ஒருவர், பக்கத்தில் பதினான்கு வயதுப் பெண். இரண்டு பேரும் ஆரஞ்சு சட்டை. பெண்ணின் முகம் அழுத மாதிரி இருந்தது. எங்கள் தோப்புக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில் அவர்களுக்கு அனுமதி உண்டாம். பெண் தன் முதல் மானைச் சுட்டிருக்கிறாள், அது அடிபட்டு எங்கள் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது. எல்லையில் என் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அங்கிருந்து மான் விழுந்த இடத்துக்கு நூறு அடிகூட இருக்காது, அதற்காக வந்த வழியே திரும்பி, ட்ரக்கை எடுத்து, சாலையைச் சுற்றி மூன்று மைல் ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். வேட்டை நாய் எல்லை தாண்டினால் துப்பாக்கி இல்லாமல் நடந்துபோய்ப் பிடித்துவர இந்தச் சட்டம் விடுகிறது. அடிபட்ட மானுக்கு அந்தச் சலுகை இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"துப்பாக்கி ட்ரக்கில் பூட்டியிருக்கிறது, நீங்களும் வேண்டுமானால் கூட வாருங்கள்" என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு போனேன்.

ரத்தத்தைத் தேடி நடப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வேகமாகப் போகக் கூடாது, ரத்தத்தின் மேல் மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு துளி கிடைத்த இடத்திலும் அந்தப் பெண் டாய்லெட் பேப்பரில் ஒரு கிழிசலைச் செடியில் சுற்றிவிட்டாள், திரும்பிப் பார்த்தால் மான் போன திசை வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. காய்ந்த மேப்பிள் இலையில் ஒரு துளி இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, "நுரையீரல். ரொம்ப தூரம் போயிருக்காது" என்று மகளிடம் சொன்னார். ஏணி முன்பு இருந்த ஓக் மரத்தடியைத் தாண்டி இருபது அடியில், ஒரு புதருக்குள் கழுத்தை நீட்டிக் கிடந்தது. பெண் மான். கண் திறந்திருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்புறம் பையிலிருந்து டேக் (சுட்ட மானில் கட்டும் அடையாளச் சீட்டு) எடுத்துத் தேதியைக் குறித்துக் கட்டினாள். 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும், மறந்துவிடாதே என்று அப்பா ஞாபகப்படுத்தினார்.

அவர் கத்தியை எடுத்துவிட்டு, திறக்காமல் என்னைப் பார்த்தார். "இங்கேயே வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ளலாமா? குடலை இங்கே விட்டுவிட்டுப் போகவா, இல்லை வாளியில் அள்ளிக்கொண்டு போய்விடவா? உங்கள் நிலம், நீங்கள் சொல்கிறபடி."

இதற்கு என் தாளில் ஷரத்து எதுவும் இல்லை. விட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

காலையில் காக்கைக் கூட்டம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இலைகள் கலைந்து கிடந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த ருசியில் ஒரு கொயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு மிருகம்) மறுவாரம் எங்கள் கோழிக்கூட்டு வரைக்கும் வந்துவிட்டது. அது யாரிடமும் கேட்கவில்லை.