டிகாஷன் இறங்காத 19 நாள்

இன்று காலை 6.10க்கு காப்பி பில்டரில் வெந்நீர் ஊற்றினேன். 6.32க்கு அடிப்பாத்திரத்தில் 90 மில்லி டிகாஷன், கருகருவென்று. இதையெல்லாம் எழுதி வைக்கணுமா என்று சிரிப்பவர்கள் 19 நாளாக எங்கள் அடுப்பங்கரையில் நடந்த கூத்தைப் பார்க்காதவர்கள்.

எஸ்பிரெஸோ மெஷின் படுத்துவிட்டது. எங்கள் ஏரியா போர் தண்ணீரில் குக்கரே வெள்ளை பூத்துப்போகும். மெஷினுக்குக் கேன் தண்ணீர்தான் என்பது வீட்டில் சட்டம். ஒருநாள் அவசரத்துக்கு யாரோ குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்ற, அதுவே பழக்கமாகிவிட்டது. (யாரோ என்ன, நான்தான்.) உள்ளே உப்பு படிந்து பம்ப் 'ம்ம்ம்' என்று முனகுகிறதே தவிர சொட்டு வரவில்லை. சர்வீசில் கொடுத்தால், பார்ட்ஸ் வர ஒரு மாதம் ஆகும் சார் என்றார்கள்.

சரி, பரணில் பெரியம்மாவின் பித்தளை பில்டர் இருக்கிறதே என்று இறக்கினேன். உள்ளே ஈயம் போய்ச் செம்பழுப்பாகக் கிடந்தது. ஈயம் பூசுகிற ஆள் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம் போய், பாத்திரக் கடையில் கெஞ்சிக் கேட்டு, அவர்கள் யாரிடமோ அனுப்பி, பத்து நாள் கழித்துப் பளபளவென்று வந்தது. இந்த ஈயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி வழக்கமானதுதான். கொட்டை வகையில் பாதி பீபரி, பாதி பிளான்டேஷன் ஏ, அதோடு சிக்கரி 20 சதவீதம், கண்ணெதிரே அரைத்தது. 30 கிராம் போட்டு 150 மில்லி ஊற்றினேன். நாற்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால் கீழே ஒரு கரண்டி.

முதல் சந்தேகம் ஓட்டை மேல். மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நட்சத்திரம் மாதிரி அத்தனையும் தெரிந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஒவ்வொன்றாக ஊசி விட்டேன். அடுத்து பொடி. கடைக்காரரிடம் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக் கொடுங்கள் என்றேன். "பில்டருக்குத்தானே சார்?" என்று ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பொடியில் சளசளவென்று இறங்கியது, நிறமும் இல்லை குணமும் இல்லை. பழைய பொடியையே அழுத்தாமல் போட்டுப் பார்த்தேன். குமிழி குமிழியாக மேலே கிளம்பி, பொடியைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஒரே பக்கமாக ஓடியது. மெஷின்காரர்கள் 'சேனலிங்' என்று தலையில் அடித்துக்கொள்வார்களே, அதேதான். அடுத்து சிக்கரி மேல் பழி. சிக்கரி தண்ணீரைக் குடித்து உப்பும், அதனால் இறக்கம் மெதுவாகும் என்பது உண்மைதான். (ஒருமுறை இதே பொடியை மெஷினில் போட்டு அடைத்துக்கொண்டவன் நான். கைப்பிடியைக் கழற்றியதும் சுவரெல்லாம் காப்பி.) சிக்கரியே இல்லாமல் கால் கிலோ வாங்கினேன். அதுவும் நின்றது.

அம்மாவுக்குப் போன் போட்டால், "அதை ஏன்டா நோண்டிக்கிட்டே இருக்க? ராத்திரி ஊத்தி வெச்சிட்டுத் தூங்கு" என்றாள். அப்படியும் செய்தேன். காலையில் மேலே ஆறிய குளம் அப்படியே நின்றது.

பதினேழாம் நாள்தான் ஒன்று உறைத்தது. இறங்கியிருக்கிறதா என்று மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் 'புஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம், உடனே பத்துப் பதினைந்து சொட்டு. மறுபடி வைத்து அழுத்தினால் நின்றுவிடும். கீழே இருக்கிற காற்று வெளியேற வழியில்லை! ஈயம் பூசியதில் அடிப்பாத்திரத்தின் வாய் மயிரிழை தடித்து, மேல் பாத்திரம் மூடி போட்ட மாதிரி இறுகிவிட்டது. சூட்டில் காற்று விரியும், விளிம்பில் வியர்க்கும் ஈரம் இடுக்கையும் அடைக்கும், அப்புறம் எங்கே இறங்கும்? கொரகொரப்புப் பொடியில் மட்டும் காற்று மேல்வழியாகத் தப்பித்தது, அதை வைத்து நான் பொடியைக் குற்றம் சொன்னேன்.

மெஷினில் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. பெட்டியில் அழுத்தம் 15 பார் என்று பெருமையாகப் போட்டிருந்தாலும், எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது 9 பார். அதுவே கிட்டத்தட்ட 90 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துகிற மாதிரி. என் பில்டரில் பொடி மேல் நிற்கும் தண்ணீர் 5 சென்டிமீட்டர். அது பாவம், கொஞ்சம் காற்று எதிர்த்து நின்றாலே தோற்றுப்போகும்.

வைத்தியம்: பூக்கட்டுகிற வாழைநார், ஒரு விரல் நீளம். நனைத்து, அடிப்பாத்திரத்தின் வாயில் மடித்துப் போட்டு, அதன் மேல் மேல் பாத்திரத்தை வைத்தேன். அவ்வளவுதான். தீக்குச்சி வைத்தால் பில்டர் சாய்கிறது, பொடி ஒரு பக்கம் மெலிகிறது. தையல் நூல் நசுங்கிவிடுகிறது. மேல் மூடியையும் ஒப்புக்கு வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. உப்புத்தாள் போட்டு ஈயத்தைத் தேய்த்துவிடலாமே என்றார் நண்பர். பத்து நாள் காத்திருந்து பூசியதைத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

ருசி? மெஷின் எஸ்பிரெஸோவைத் தனியாகக் குடிக்கும்போது அதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 18 கிராம் பொடி போட்டு 36 கிராம் காப்பி எடுக்க, 28 வினாடியில் நிறுத்த, புதுக் கொட்டை வாங்கும்போதெல்லாம் அரவையைச் சரிசெய்தே நூறு கிராம் குப்பைக்குப் போகும். பால் ஊற்றி டபராவில் ஆற்றிக் குடிக்கிற நமக்கு, இந்த 90 மில்லிதான் நாக்கில் நிற்கிறது. கடைப் பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் அட்டையையும் படியுங்கள். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம்.

ஏற்காட்டிலிருந்து பச்சைக் கொட்டை ஒரு கிலோ வரவழைத்து இரும்புச் சட்டியில் நானே வறுப்பதாகத் திட்டம். புகைக்கு வீட்டில் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, மொட்டை மாடி பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அதற்குள் இரண்டாம் டிகாஷன் பாக்கி. நார் வைத்தும் அது 50 நிமிஷம் இழுக்கிறது. முதல் தண்ணீரில் பொடி படிந்து இறுகிவிடுகிறது போல. நாளைக்கு, பொடியை அழுத்த மேலே வைக்கிற குடைத்தட்டை எடுத்துவிட்டு ஊற்றிப் பார்க்கப்போகிறேன். மெஷின் ரெடி, எப்போ சார் எடுத்துக்கறீங்க என்று நேற்று போன் வந்தது. அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.