வைவாவுக்கு முந்தின வாரம் தொங்கிப்போன புரோகிராம்

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு வெப் சர்வீஸிலிருந்து பிடிஎஃப் கோப்புகளை இறக்கி, தேட வசதியாக அடுக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாக இறக்கினால் விடிந்துவிடும் என்று பைத்தானில் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் அசிங்க்ஐஓவையும், அதோடு சேர்ந்து வெப் கோரிக்கைகளை அனுப்பும் ஏஐஓஹெச்டிடிபி லைப்ரரியையும் எடுத்தோம். வேகம் வந்தது, கூடவே தலைவலியும்.

முதல் ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்டது 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' எரர். கோப்பு இறக்கும் ஃபங்ஷனுக்கு உள்ளேயே கிளையன்ட் செஷனை, அதாவது சர்வர் இணைப்புகளை வைத்து நிர்வகிக்கும் ஆப்ஜெக்டை, உருவாக்கியிருந்தேன். ஒரே நேரத்தில் 100 இணைப்புதான் என்று ஏஐஓஹெச்டிடிபி தானாகவே வரம்பு வைத்திருக்கிறதே, பிறகு எப்படி என்று குழம்பினேன். அந்த வரம்பு ஒரு செஷனுக்குத்தான். 2000 கோப்புக்கு 2000 செஷன் திறந்தால் வரம்பு எங்கே இருக்கும்? லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளும் இணைப்புகளும் சேர்த்து வழக்கமாக 1024தான்; அத்தனையும் காலி. செஷனை வெளியே ஒரே ஒருமுறை 'அசிங்க் வித்' (வேலை முடிந்ததும் தானாகவே மூடிவிடும் பிளாக்) போட்டுத் திறந்ததும் அது தீர்ந்தது. இதை எல்லாப் பாடத்திலும் சொல்லித் தருவார்கள்; நான்தான் தாண்டிப் படித்திருக்கிறேன்.

இரண்டாவது பிரச்சினைதான் ஒரு வாரத்தைத் தின்றது. இறங்கிய கோப்புகளை எண்ணும் கவுன்டர் விறுவிறுவென்று ஏறும், திடீரென்று நிற்கும். எரர் இல்லை, சிபியு சும்மா கிடக்கும். ஐந்து நிமிடம் கழித்து திரை முழுக்க வெற்று வரிகள் ஓடும். அந்த வெற்று வரிகள்தான் எரர் என்று தெரியவே இரண்டு நாள் ஆனது. நேரம் தீர்ந்தால் வரும் டைம்அவுட் எக்செப்ஷனை அப்படியே பிரிண்ட் செய்தால் எழுத்து எதுவும் வராது; 'ரெப்பர்' போட்டுப் பிரிண்ட் செய்தால்தான் பெயராவது தெரியும். ஐந்து நிமிடம் என்பதும் தற்செயல் இல்லை. ஏஐஓஹெச்டிடிபியின் மொத்த டைம்அவுட் வழக்கமாக 300 விநாடி. பூலில், அதாவது செஷன் வைத்திருக்கும் அந்த 100 இணைப்புகளின் தொகுப்பில், இடம் கிடைக்கக் காத்திருக்கும் நேரமும் அதில் சேரும்.

அப்போது ஹாஸ்டல் சீனியர் ஒருவர் வந்து, "கோடிங்கை மூடி வை, முதல்ல இணைப்பை எண்ணு" என்றார். இன்னொரு டெர்மினலில், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் 'எஸ்எஸ்' கமாண்டு அடித்தோம். சரியாக 100 இணைப்புகள், எல்லாமே எஸ்டாப்ளிஷ்டு (இணைப்பு உயிரோடு இருக்கும்) நிலையில். வந்தும் படிக்கப்படாத பைட்டுகளைக் காட்டும் ரிசீவ் கியூ பத்தியில் ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய எண்கள். அதாவது சர்வர் அனுப்பிவிட்டது; நாங்கள் வாங்காமல் நிற்கிறோம்.

காரணம் நான் எழுதிய நாலு வரி. கோப்பைக் கேட்கும் கெட் ரிக்வெஸ்ட் அனுப்பி, பதிலின் தலைப்பகுதியான ஹெட்டரில் அளவைப் பார்த்து, 1 எம்பிக்கு மேல் இருந்தால் 'பிறகு பார்க்கலாம்' என்று அந்த ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டையே ஒரு லிஸ்டில் போட்டுவைத்தேன். அதற்குள் இருந்த கோப்பைப் படிக்கவுமில்லை, இணைப்பை விடுவிக்கவுமில்லை. இப்படி நூறு சேர்ந்ததும் பூல் அடைத்துக்கொண்டது. சின்ன ரெஸ்பான்ஸ் என்றால் முழுதும் வந்து சேர்ந்தவுடன் இணைப்பு தானாகவே பூலுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் சின்னக் கோப்புகளை வைத்து டெஸ்ட் செய்தபோது எல்லாம் பாஸ். கடைசியில் லிஸ்டில் யுஆர்எல்லை மட்டும் வைத்தேன். கெட் ரிக்வெஸ்டையும் 'அசிங்க் வித்'துக்குள் கொண்டுவந்தேன். அளவு மட்டும்தான் வேண்டுமென்றால் ஹெட்டரை மட்டும் கேட்கும் ஹெட் ரிக்வெஸ்டே போதும், சர்வர் அதற்குச் சரியாகப் பதில் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இணைப்பை மூடுகிற வேலையை, எரர்களைப் பிடிக்கும் 'எக்செப்ட் எக்செப்ஷன்' பிளாக்கில் வைக்காதீர்கள். பைத்தான் 3.8 முதல், வேலை ரத்தானால் எழும் கேன்சல்டு எரர் அதற்குள் மாட்டாது. டாஸ்க் ரத்தானால் உங்கள் க்ளோஸ் ஓடவே ஓடாது. எது நடந்தாலும் ஓடும் 'ஃபைனலி'யில் வையுங்கள். புரோகிராமை 'எக்ஸ் டெவ்' ஆப்ஷனோடு ஓட்டினால், சாதாரணமாக மறைந்திருக்கும் ரிசோர்ஸ் வார்னிங்குகளும் (மூடாமல் விட்டவை பற்றிய எச்சரிக்கைகள்) வெளியே வரும். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எங்கள் டெமோவைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி: "பாதி படிச்சிட்டு வித் பிளாக்கை விட்டு வெளிய வந்தா, அந்த இணைப்பு பூலுக்குத் திரும்புமா?" "திரும்பாது சார், மூடிடும். மிச்ச பைட்டெல்லாம் அடுத்த பதிலோட கலந்துடும்ல?" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டீமைக் கூப்பிட்டார்.