துருப்படுகை மறுபடி வேலை செய்கிறது

எரிபொருள் செல்லுக்குப் போகும் மீத்தேன் வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை நீக்க, மரச்சீவலில் ஏற்றிய இரும்பு ஆக்சைடுப் படுகை ஒன்று வைத்திருக்கிறேன். ஒருவழியாக, புதுப்பித்த அந்தப் படுகைக்குப் பின்னால் வைத்த லெட் அசிடேட் தாள் (ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும்) இரவு முழுக்க வெள்ளையாகவே இருந்தது. புது ஆக்சைடு என்றால் இது பெரிய விஷயமே இல்லை, யார் போட்டாலும் வரும். ஒரு தடவை கறுத்துப்போன படுகையைத் திரும்ப வேலை வாங்குவதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

ஹைட்ரஜன் சல்பைடைக் குடித்து சல்பைடாகிப்போன இரும்பு, காற்றுப் பட்டதும் கந்தகத்தை உதறிவிட்டு ஆக்சைடாகிவிடும், ஆனால் சூட்டைக் கக்கிக்கொண்டே. வால்வைத் தாராளமாகத் திறந்தால் மரச்சீவலே புகைய ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் நைட்ரஜன் விட்டு மீத்தேனை முழுக்க வெளியேற்றிவிட்டு, ஆக்சிஜன் 2 சதவீதம் இருக்கும்படி காற்றைக் கலந்து, அதையும் தண்ணீர்க் குப்பிக்குள் குமிழவிட்டு ஈரமாக்கி அனுப்பினேன். தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) வெளிச்சுவரில் ஒட்டிப் புண்ணியமில்லை. சூடு ஒரு மெல்லிய பட்டையாகக் கீழிருந்து மேலே நகர்கிறது, படுகையின் நடுவில் வெவ்வேறு உயரங்களில் செருகினால்தான் அது எங்கே இருக்கிறதென்று தெரியும். எந்த முனை 45 டிகிரியைத் தொட்டாலும் காற்றைக் குறைத்துவிடுவேன், ஏனென்றால் தீப்பிடிக்கும் அளவுக்குப் போகவே வேண்டாம், ஈரம் காய்ந்தாலே ஆக்சைடு மந்தமாகிவிடும். பட்டை மேல்முனையைத் தாண்டி, சூடு இறங்கின பிறகுதான் முழுக் காற்று. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்பு ஆக்சைடு என்று மட்டும் கேட்டால் பெயின்ட்டில் கலக்கிற சிவப்புப் பொடியை அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது நீர் சேர்ந்த பழுப்பு ரகம். பேசாமல் ஸ்டீல் வூலை ஈரத்தில் துருப்பிடிக்கவிடலாம், கொஞ்சம் வாஷிங் சோடா சேர்த்துக் காரமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கணக்குப்படி ஒரு கிலோ ஆக்சைடு 0.64 கிலோ ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்க வேண்டும். உதறிய கந்தகம் துளைகளிலேயே தங்கிவிடுவதால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அந்தப் பிடிக்கும் அளவு குறையும். தவிர, தாள் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக வாயுவை அப்படியே எரிபொருள் செல்லுக்குள் விட முடியாது, அதன் நிக்கல் ஆனோடுக்கு (எரிபொருள் பக்க மின்முனை) 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு கந்தகமே அதிகம். அதனால் அடுத்து 350 டிகிரியில் துத்தநாக ஆக்சைடுப் படுகை. அதைப் புதுப்பிக்க 600 டிகிரிக்கு மேல் வேண்டும், குறைந்தால் சல்பேட்டாக உட்கார்ந்துகொள்ளும், வருவதும் கந்தக டை ஆக்சைடு. ஹீட்டர் சுருள் வாங்கியாயிற்று, வெளியேறும் வாயுவைக் கழுவக் காஸ்டிக் சோடா குப்பிதான் இன்னும் தயாராகவில்லை.