புளியங்கொட்டையும் எங்க வீட்டு எல்கேஜியும்

புளி சீசன் வந்துட்டா எங்க தர்மபுரி பக்கம் ஊருக்குள்ள எந்தத் திண்ணைய பாத்தாலும் புளி தட்டுற சத்தம் தான், ஓடு ஒரு பக்கம் நாரு ஒரு பக்கம் கொட்டை ஒரு பக்கம்னு குவிஞ்சு கிடக்கும். அந்தக் கொட்டையில ரெண்டு கை அள்ளி வச்சுக்கங்க. ஆன்லைன்ல காசு கொட்டி வாங்குற எஜுகேஷனல் டாய் எதுவும் இதுக்குக் கிட்ட வராதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

பல்லாங்குழி தான் சொல்றேன். பலகை இல்லையா, முட்டை அட்டையில ஏழு ஏழா 14 குழி வர்ற மாதிரி வெட்டி ஒட்டிக்கங்க, இல்ல மண்ணுல தோண்டிக்கங்க. எங்க ஆட்டத்துல குழிக்கு அஞ்சு, மொத்தம் 70 கொட்டை. அள்ளி எடுத்து குழிக்கு ஒண்ணா போட்டுக்கிட்டே போகணும், எதையும் தாண்டவும் கூடாது, ஒரே குழியில ரெண்டு போடவும் கூடாது. எண்ணுறதுக்கு அடிப்படையே இது தாங்க. ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்கிற எல்கேஜி பிள்ளைகிட்ட ஏழு பிஸ்கட் எடுத்துட்டு வான்னு சொல்லிப் பாருங்க, பாதி பிள்ளைங்க முழிக்கும். வாய்க்கு வந்த எண்ணு கைக்கு வரலைன்னு அர்த்தம்.

அப்புறம் பசு. ஒரு குழியில நாலு சேந்துட்டா அது பசு, அந்தக் குழிக்காரங்க எடுத்துக்கலாம். எங்க பாப்பா முதல்ல ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணிட்டு தான் எடுப்பா, இப்ப எட்டிப் பாத்த உடனே "பசு!"ன்னு கத்துறா, எங்க ஆயா (பாட்டி தான்) கை நீட்டுறதுக்குள்ள அள்ளிடுறா. எண்ணாமலே பாத்ததும் நாலுன்னு கண்ணு பிடிக்கிறது பெரிய விஷயம், அதை எந்த ஒர்க்‌ஷீட்டும் இவ்ளோ ஆசையா சொல்லிக் குடுக்காது. ஆயா விட்டுக் குடுக்குற ஆளும் இல்ல, தோத்தா தோத்தது தான், பாப்பா அழுதுட்டு மறுபடி வந்து உக்காருவா.

இதுல அப்பா அம்மா வேலை என்னன்னா கூட உக்காந்து நிஜமா ஆடுறது, அவ்ளோ தான். நடுவுல "இது எத்தனை சொல்லு, இது என்ன கலர் சொல்லு"ன்னு கேள்வி கேக்க ஆரம்பிச்சா அது விளையாட்டு இல்ல, பரீட்சை. எங்க வீட்டுக்காரர் அப்படித் தான் கேப்பாரு, பாப்பா எந்திரிச்சுப் போயிடுவா :) கேக்கணும்னு தோணுச்சுன்னா "இப்ப எந்தக் குழிய எடுக்கலாம்?"னு அவகிட்ட யோசனை கேளுங்க, பதில் உங்களுக்கே தெரியாதுல்ல, அப்ப தான் அவளும் யோசிப்பா.

போச்சம்பள்ளி சந்தைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனோம், அதுல இருந்து வீட்டுல தினமும் சந்தை தான், செருப்பெல்லாம் ஆடு, "ஐயாயிரம் குடுங்க, சரி மூவாயிரம்"னு அவளே பேரம் பேசிக்கிறா. ஐயாயிரம்னா எவ்ளோன்னு தெரியாது தான், ஆனா கேக்குறவன் குறைச்சுக் கேப்பான் விக்கிறவன் ஏத்திச் சொல்லுவான்னு புரிஞ்சு ரெண்டு பேராவும் மாறி மாறிப் பேசுறா பாருங்க. அந்த நேரத்துல திருத்தப் போகாதீங்க, ஆடு வாங்குறவங்களா போங்க.

மொபைல் பத்தி கேப்பீங்க. ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. மூணு நாலு வயசுப் பிள்ளைங்க நாள் முழுக்க சேத்து மூணு மணி நேரமாவது ஓடியாடணும்னும் அதுலயே இருக்கு. தெருவுல விட்டா அது தானா நடந்துரும்.

ஒண்ணே ஒண்ணு, மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை வீட்டுல இருந்தா புளியங்கொட்டைய வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, வாயில மூக்குல போட்டுக்கும், தொண்டையில சிக்குனா ஆபத்து. பெரியவ ஆடி முடிச்சதும் எண்ணி டப்பாவுல போட்டு மேல வச்சிருங்க, 70 வரலைனா கட்டிலுக்கு அடியில பாருங்க. சின்னதுக்கு மாங்கா சீசன்ல பெங்களூரா மாங்கொட்டைய நல்லா கழுவி காய வச்சுக் குடுங்க, உருட்டட்டும், முழுங்க முடியாது.