ஜன்பத்துக்கு ரயில் ஏறும் முன்: பாதுகாப்புக் கொள்கை ஆய்வுக்குச் சான்று திரட்டல்

பாதுகாப்புக் கொள்கையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் முதல் ஆண்டைத் தொலைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கிடைக்காத ரகசியக் கோப்பின் பின்னால் அலைவார்கள். 1962 போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கை 1963-இல் முடிந்தது; அரசு இன்றுவரை வெளியிடவில்லை. ஆனால் கார்கில் போரை ஆராய்ந்த குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே கிடக்கும் பொருள் ஏராளம். அதை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில்தான் காலமும் காசும் மிச்சமாகும், சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ தில்லிக்குப் போய் வர வேண்டியவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

முதலில் பட்ஜெட். 2025-26-இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான ஒதுக்கீடு சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அது நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது நாடாளுமன்றத்திடம் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் நான்கு தலைப்புகளாக, பிரிந்திருக்கும். எண் 19 அமைச்சகத்தின் சிவில் செலவு, சுமார் 28,683 கோடி. எண் 20 படைகளின் வருவாய்ச் செலவு, 3,11,732 கோடி. எண் 21 மூலதனச் செலவு, 1,80,000 கோடி. எண் 22 ஓய்வூதியம், 1,60,795 கோடி. ஒருவர் 20, 21 இரண்டையும் மட்டும் கூட்டி 4.92 லட்சம் கோடி என்பார். இன்னொருவர் நான்கையும் கூட்டுவார். ஸ்டாக்ஹோமில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரி, உள்துறையின் கீழ் வரும் எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றையும் சேர்க்கும். ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள், மூன்றும் சரி. அட்டவணையின் ஒரு பத்தியில் ஒன்றையும் அடுத்த பத்தியில் மற்றொன்றையும் போட்டால்தான் ஆய்வு கவிழும். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொரு வழுக்கல்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றும் வேறு. 2025-26 ஆவணத்தில் இருக்கும் உண்மைச் செலவு 2023-24-க்கு உரியது. ஆகவே நீண்டகால வரிசை தயாரிக்கும்போது கடைசி இரண்டு ஆண்டுகள் எப்போதும் மதிப்பீடுகளே. அவற்றைத் தனிக் குறியிட்டுக் காட்டுங்கள்.

அடுத்து, பாதுகாப்பு நாடாளுமன்ற நிலைக்குழு. 31 உறுப்பினர்கள், 21 பேர் மக்களவை, 10 பேர் மாநிலங்களவை. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை அறிக்கை வரும். அதைப் படிப்பவர்கள் உண்டு. அதன் பரிந்துரைகள் மேல் அரசு என்ன செய்தது என்று அதற்குப் பின்னால் வரும் நடவடிக்கை அறிக்கையைத் திறப்பவர்கள் குறைவு. பொருள் அங்கேதான் இருக்கிறது. அதன் இரண்டாம் அத்தியாயம் அரசு ஏற்ற பரிந்துரைகள். மூன்றாவது, அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேலே வலியுறுத்தாமல் விட்டவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை. ஐந்தாவது, இறுதிப் பதில் வராதவை. நான்காம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அமைச்சகத்துக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் எங்கே உரசல் என்பது அதில் தெரிந்துவிடும். ஆய்வுக் கேள்வி பல சமயம் அங்கிருந்தே பிறக்கும். படைத் தளபதிகளின் வாக்குமூலமும் இந்த அறிக்கைகளில் உண்டு. தரைப்படைத் தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை, 24 விழுக்காடு நடப்புக்கால வகை, 8 விழுக்காடு மட்டுமே அதிநவீனம் என்று அன்றைய துணைத் தளபதி சொன்னது 2018-இல் நிலைக்குழு அறிக்கை வழியாகத்தான் வெளியே வந்தது. எந்த ரகசிய முத்திரையும் இல்லாத ஆவணம்.

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகளில் பாதுகாப்பு சார்ந்த சில, சில ஆண்டுகளாக இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது என்றால் அது பொது ஆவணம்; நாடாளுமன்ற நூலகத்தில் கேட்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த விமானப்படைக் கொள்முதல் அறிக்கையில் ரஃபேல் விலைகள் மறைக்கப்பட்டிருந்தன. மறைத்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், மறைக்கப்பட்டது என்றே எழுதுங்கள்.

கொள்கை ஆவணங்களில் நாளைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது மூத்தவர்களும் செய்யும் பிழை. அணு ஆயுதக் கோட்பாடு நல்ல எடுத்துக்காட்டு. 1999 ஆகஸ்ட் 17-இல் வந்தது தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் வரைவு. 2003 ஜனவரி 4-இல் வந்ததுதான் அரசின் முடிவு, அதுவும் ஒரு செய்திக்குறிப்பாக. பதிலடி பெரும் அளவில் இருக்கும் என்ற சொல்லும், உயிரி, வேதி ஆயுதத் தாக்குதலுக்கும் அணு ஆயுதப் பதிலடி தரும் வாய்ப்பை வைத்துக்கொள்வோம் என்ற வரியும் 2003-இல் சேர்ந்தவை. வரைவை அரசுக் கொள்கை என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே முடியும். இதன் பிறகே தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும் 25 ஆண்டு கடந்த நிலையான ஆவணங்கள் காப்பகத்துக்கு வர வேண்டும் என்கின்றன. நடைமுறை வேறு. 1962, 1965, 1971 போர்க் கோப்புகள் தங்களிடம் இல்லை என்று காப்பகத்தின் அன்றைய தலைமை இயக்குநரே 2022 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகச் சோர வேண்டியதில்லை. ஒரு முடிவு ஓர் அமைச்சகத்தோடு நிற்பதில்லை. குறிப்பின் நகல் வெளியுறவுக்கும் உள்துறைக்கும் போயிருக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தில் காணாததை வெளியுறவு அமைச்சகக் கோப்பில் தேடுங்கள்; அவை காப்பகத்தில் நிறையவே உண்டு.

போவதற்கு முன் காப்பகத்தின் இணையத்தளமான அபிலேக் படலில் பதிவு செய்து, சொற்களை மாற்றி மாற்றித் தேடுங்கள். 'சீனா எல்லை' என்று மட்டும் தேடாமல் நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), லடாக், மெக்மோகன் என்று அக்காலத்தில் எழுதிய சொற்களையும், அவற்றின் அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கொடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அமைச்சகம், பிரிவு, ஆண்டு, கோப்பு எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். காப்பகப் பட்டியலில் இருக்கும் கோப்பைச் சீட்டுக் கொடுத்துக் கேட்டாலும், சில சமயம் அந்தச் சீட்டு 'என்டி' என்ற குறிப்போடு திரும்பி வரும்; காப்பகத்துக்கு மாற்றி அனுப்பப்படவில்லை என்று பொருள். அதாவது கோப்பு இன்னும் அமைச்சகத்திலேயே இருக்கிறது. அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த படிக்கு அதுதான் சாவி.

அடுத்த படி தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், இணையத்திலேயே அனுப்பலாம், உரைப்பெட்டியில் 3,000 எழுத்துகள் வரை இடம், பதிலுக்கு 30 நாள். கேள்வியின் அமைப்பில்தான் பலர் தோற்கிறார்கள். 'இந்த முடிவை அரசு ஏன் எடுத்தது' என்று கேட்டால் விளக்கம் தர வேண்டிய கடமை இல்லை என்று பதில் வரும். சட்டம் தருவது பதிவில் உள்ள தகவலை மட்டுமே. 'எல்லா ஆவணங்களும் வேண்டும்' என்றால் சட்டத்தின் 7(9)-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அந்தப் பிரிவு தரும் வடிவத்தை மாற்றத்தான் இடம் கொடுக்கிறது, மறுக்க அல்ல. ஆனாலும் வாதிட்டே மாதங்கள் போகும். ஆகவே சிறிதாகக் கேளுங்கள்: இன்ன பிரிவின் இன்ன எண் கோப்பு இப்போது எங்கே, காப்பகத்துக்கு அனுப்ப மதிப்பிடப்பட்டதா, எந்த நாளில், நேரில் பார்வையிட எப்போது அனுமதி. பார்வையிடலில் முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். இன்னொரு விண்ணப்பத்தில், 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த போர் ஆவணக் கொள்கையின்படி 25 ஆண்டு கடந்த பதிவுகளில் எவை மதிப்பிடப்பட்டன என்ற பட்டியலை மட்டும் கேளுங்கள். பட்டியலை மறுப்பது கோப்பை மறுப்பதைவிடக் கடினம்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். 2020 ஜனவரிக்குப் பிறகு இராணுவ விவகாரத் துறை தனி. பாதுகாப்புத் துறை தனி. முப்படைத் தலைமையகங்களுக்குத் தனித்தனித் தகவல் அலுவலர்கள். தவறிப் போனால் 6(3)-இன் கீழ் 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம், ஆனால் அது சுற்றிக்கொண்டே இருக்கவும் கூடும். உளவு அமைப்புகளான ரா, ஐபி, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ போன்றவை 24-ஆம் பிரிவின்படி ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிரச் சட்டத்துக்கு வெளியே.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் 8(1)(அ), அதாவது நாட்டின் பாதுகாப்பு. 20 ஆண்டு கடந்தால் எல்லாம் திறக்கும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள் 8(3)-ஐ முழுதாகப் படிப்பதில்லை. பாதுகாப்புக் காரணம் அந்தக் காலக்கெடுவுக்கு அடங்காது. மேல்முறையீட்டில் வேறு இரண்டு பிடிகள் உண்டு. பத்தாம் பிரிவு, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரச் சொல்கிறது. 19(5), மறுப்பு சரி என்று நிறுவும் பொறுப்பை அலுவலர் மேல் வைக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு, கட்டணம் இல்லை. மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். ஆணையத்தில் விசாரணைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆவதும் உண்டு. பதிவு செய்த முதல் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் பதில் ஆய்வேட்டுக்கு உதவாது.

நேர்காணல் கடைசி. 2021 மே இறுதியில் திருத்திய ஓய்வூதிய விதிப்படி, உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் அமைப்பின் பணி தொடர்பாக எதையும் வெளியிட முன் அனுமதி பெற வேண்டும். அவர்களிடம் பேசும்போது அந்த விதியை முதலிலேயே நினைவூட்டுவது மரியாதை மட்டுமல்ல, அவர்களுடைய ஓய்வூதியத்தைக் காப்பதும்கூட. யாராவது ரகசிய முத்திரையிட்ட தாளின் படத்தை அனுப்ப முன்வந்தால் வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு வாங்குபவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

'என்டி' சீட்டுகள், மறுப்புக் கடிதங்கள், மேல்முறையீட்டு ஆணைகள் எல்லாவற்றையும் நாள் வரிசையில் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகக் கட்டுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே கோப்பைக் கேட்கப் போகிற மாணவர் அங்கிருந்து தொடங்கலாம்.