பாதியில் எழுந்து வந்த படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஒரு படத்தின் 25-வது நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். திரைப்பட விழாவில் அது ஒன்றும் பெரிய பாவமில்லை, ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்கிறவர்கள் ஒன்றிலாவது எழுந்துதான் வருவார்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் இப்போது ராத்திரி பதினொன்றரை ஆகிறது, மற்ற நான்கையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று அரங்கு, ஒரு சின்ன கருத்தரங்க அறை. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், கடன் வாங்கியும் கூட்டாளிகளைப் பிடித்தும் எடுத்த சுயாதீனப் படங்கள் மட்டும்தான் இந்த விழாவில். முந்தின நாளே அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். இந்த அட்டவணையில் எப்போதும் ஒரு பொய் இருக்கும். படம் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள், படம் முடிந்து இயக்குநரோடு நடக்கும் கேள்வி பதிலுக்கு எத்தனை நிமிடம் என்று போட்டிருக்க மாட்டார்கள். அதை நம்பித் திட்டம் போட்டால் நாள் முழுக்க ஓட்டம்தான்.

ஒன்பதரை மணிப் படம் அது. ஒரு வீடு, வயதான ஒருவர், பூட்டிய ஒரு அறை. மகன் இருந்த அறை என்பது எப்படியோ புரிந்துவிடுகிறது, யாரும் சொல்வதில்லை. 4:3 சட்டகம், இரண்டு பக்கமும் கறுப்பு. கேமரா நடையின் இந்தக் கோடியில் நிற்கிறது, அந்தக் கோடியில் அறைக்கதவு. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்க்கிறார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பின்னணி இசை கிடையாது. சத்தமே கிடையாது என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்து இருக்கைக்காரர் நன்றாகத் தூங்கிவிட்டார், அவருடைய மூச்சுதான் தெளிவாகக் கேட்டது. மெதுவாக நகரும் படங்கள் எனக்குப் பிடிக்காதவை அல்ல, ஆனால் மெதுவாக நகர்வதையே ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிற படங்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. இதுவும் அந்த வகை என்று முடிவுகட்டி, குனிந்தபடியே நாலு பேர் காலை மிதித்து வெளியே வந்தேன்.

சரி, கிடைத்த நேரத்தில் குறும்படத் தொகுப்புக்குப் போனேன். ஆறு படங்கள். ஆஸ்கர் கணக்குப்படி டைட்டிலெல்லாம் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆனால் 30 நிமிடத்தைத் தாண்டும் குறும்படங்கள் பெரும்பாலும் முழுநீளப் படத்துக்குப் பணம் தேடுகிறவர்கள் நீட்டிக் காட்டும் விண்ணப்பங்கள் என்பது என் அனுபவம். இன்றும் அப்படி இரண்டு இருந்தன. மனதில் நின்றது ஏழே நிமிடப் படம். 16 மி.மீ. பிலிமில் எடுத்தது. 400 அடிச் சுருள் ஒன்று நொடிக்கு 24 சட்டக வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும், எங்களிடம் இருந்தது மூன்றே சுருள், அதனால் நாலு நாள் ஒத்திகை, எல்லா ஷாட்டும் ஒரே டேக் என்றார் எடுத்த பையன். கடைசி ஷாட்டில் ஒரு பெண் படியேறிக்கொண்டே இருக்கிறாள், பாதிப் படியில் திரை வெளிறி, ஆரஞ்சாகி, வெள்ளையாகிறது. ஏதோ பெரிய குறியீடு என்று நினைத்து உட்கார்ந்திருந்தால், சுருள் தீர்ந்துவிட்டதாம். "மறுபடி எடுக்கக் காசில்லை, அப்படியே வச்சுட்டோம்." அரங்கில் அன்றைக்கு முதல் கைதட்டல்.

அடுத்து இரண்டாம் அரங்கில் ஒரு முழுநீளப் படம். கூட்டம் அதிகம் என்பதால் சின்னதான மூன்றாம் அரங்கிலிருந்து அங்கே மாற்றியிருந்தார்கள். உட்கார்ந்தோம், விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு தன்னார்வலர் வந்து, "கீ ஓப்பன் ஆகலை, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது அரங்குக்கு வருவது பிலிம் பெட்டி இல்லை, டிசிபி என்கிற டிஜிட்டல் பொதி, ஹார்ட் டிஸ்கில் வரும். அதைப் பூட்டி அனுப்பினால் திறக்க கேடிஎம் என்று ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் சில கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்புதான், மின்னஞ்சலில் வரும். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள் மணியிலிருந்து குறிப்பிட்ட நாள் மணி வரைக்கும் மட்டும் வேலை செய்யும். இவர்கள் படத்தை அரங்கு மாற்றினார்கள், சாவியை மாற்றவில்லை. சாவி மூன்றாம் அரங்கு சர்வருக்கு, படம் இரண்டாம் அரங்கில். புதுச் சாவி வெட்ட வேண்டிய லேப் வேறொரு நாட்டில், அங்கே அப்போது விடியற்காலை.

படத்தின் இயக்குநர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மைக் இல்லை. முதலில் மன்னிப்புக் கேட்டார், அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். "பூட்டாமலேயே குடுத்திருக்கலாம், இதை எவன் திருடப் போறான்? விற்பனை ஏஜென்ட்தான் பூட்டணும்னாங்க." 23 நாள் படப்பிடிப்பு, நாலு வருட அலைச்சல். 64 விழாக்களுக்கு அனுப்பியதில் ஐந்து இடத்தில் சரி என்றார்களாம். தேர்வுக்கு அனுப்புகிற வீடியோ இணைப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள், எதுவரை பார்த்தார்கள் என்று தெரியும் இல்லையா, ராத்திரி ராத்திரி அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு இடத்தில் ஆறு நிமிடம் ஓடியிருக்கிறது. இன்னொரு இடத்தில் பூஜ்யம், ஆனால் 'உங்கள் படத்தை மிகவும் ரசித்தோம்' என்று கடிதம் மட்டும் வந்தது. (எந்த விழா என்று அவர் சொல்லவில்லை, இந்த விழாவாக இருக்காது என்று நம்புவோம்.)

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் "ராட்டர்டாமுக்கு அனுப்பினீங்களா சார்?" என்று கேட்டான். 2021-இல் 'கூழாங்கல்' என்ற தமிழ்ப் படம் நெதர்லாந்தின் அந்த ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியதிலிருந்து, முதல் படம் எடுக்கும் எல்லோரிடமும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அவர் சிரித்துவிட்டு, அதைவிட வலித்த ஒரு கதையைச் சொன்னார். ஒரு சின்ன விழாவிலிருந்து முதலில் அழைப்பு வந்ததாம். ஆனால் பெரிய விழாக்களின் முக்கியப் பிரிவுகளுக்கு, படம் வேறு எங்கேயும் திரையிட்டிருக்கக் கூடாது என்று பெரும்பாலும் நிபந்தனை இருக்கும். பெரியது கிடைக்கும் என்று நம்பிச் சின்னதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். ஐந்து மாதம் கழித்துப் பெரிய இடத்திலிருந்து இரண்டு வரியில் மறுப்பு. அதற்குள் சின்னதில் இடம் போய்விட்டது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்கு 2024-இல் 17,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் விண்ணப்பித்தன, பெரும்பாலானவை குறும்படங்கள் என்றாலும் முழுநீளப் படங்களே 4,000-க்கும் மேல். தேர்வானவை குறும்படங்கள் தவிர்த்து 90 அளவில்தான். இந்தக் கணக்கு தெரிந்தும் எல்லோரும் அந்தச் சூதாட்டத்தை ஆடத்தான் செய்கிறார்கள்.

"இவ்வளவு பட்டும் ஏன் சார் எடுக்கிறீங்க?" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

"அதைத்தான் என் மாமனாரும் கேக்கறார்."

சாவி வர ஐம்பது நிமிடம் ஆனது. படம் சுமார்தான், உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. அந்த மனிதர் படியில் உட்கார்ந்து பேசியதில் இருந்த துள்ளல் படத்தில் பாதி இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

அதன் பிறகு 'சுயாதீன சினிமா எங்கே போகிறது' என்று ஒரு உரையாடல். நாலு நாற்காலி, நாலு பேர், நாலு பேரும் ஓடிடியைத் திட்டினார்கள். விடுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒலி பற்றிய அமர்வு. முப்பது பேர்கூட இல்லை. கால் வலிக்கு உட்கார இடம் கிடைக்கும் என்றுதான் போனேன். பேசியவர் ஒரு ஒலி வடிவமைப்பாளர், நாற்பது வயது இருக்கும். முதலில் விளக்கை அணைக்கச் சொல்லி, மூன்று மௌனங்களைப் போட்டுக் காட்டினார். படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஷாட் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வார்கள், ரூம் டோன் என்று பெயர். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே அதைப் போட்டு நிரப்பாவிட்டால் காதில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். "முதல்ல வந்தது குளியலறை, ரெண்டாவது காலி வகுப்பறை, மூணாவது என்னன்னு சொல்லுங்க." யாருக்கும் தெரியவில்லை. எனக்கென்னவோ யாரோ உள்ளே இருக்கிற மாதிரிப் பட்டது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து பதிவு செய்தது என்றார்.

பிறகு திரையில் காட்சி வந்தது. நடை, நாற்காலி, பெரியவர், கதவு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காலையில் நான் பார்த்த அதே ஷாட். ஆனால் இப்போது கதவுக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். நாலு எட்டு, நிறுத்தம், திரும்பி நாலு எட்டு. நடுவில் ஏதோ தரையில் இழுபடுகிறது. இரண்டாவது நிமிடத்தில் நடை தளர்கிறது. பெரியவரின் இடதுகைக் கட்டைவிரல் அந்த நடைக்குத் தப்பாமல் நாற்காலிக் கையைத் தட்டுகிறது. காலையில் அந்த விரலைப் பார்த்தேன், நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிடத்தில் நடை கதவுக்கு நேராக வந்து நிற்கிறது. விரலும் நிற்கிறது. அந்த இடத்தில் அவர் காட்சியை நிறுத்தினார்.

"காலையில இந்தப் படம் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" மூன்று கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. "நடக்கிற சத்தம் கேட்டுதா?" ஒருவர் லேசாகக் கேட்டது என்றார், மற்ற இருவரும் இல்லை என்றார்கள். அவர் அரங்கத் தன்னார்வலரிடம் திரும்பி, "ஃபேடர் எதுல இருந்துச்சு?" என்று கேட்டார். அரங்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் ஃபேடர்.

"அங்க எப்பவும் நாலரைதான் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அரங்கின் ஒலிக் கருவியில் 7 என்ற எண்தான் அளவுகோல், ஒரு திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனைச் சத்தத்துக்கு 85 டெசிபெல் தரும்படி சரிசெய்து வைத்த நிலை அது. படத்தை மிக்ஸ் செய்வதும் அந்த நிலையில்தான். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிறது என்று புகார் வரும், ஆபரேட்டர் குறைப்பார், அப்புறம் அதை யாரும் ஏற்றுவதே இல்லை. ஏழிலிருந்து நாலரைக்கு இறக்கினால் எட்டு டெசிபெல்லுக்கும் மேல் போகிறது. அடிதடிப் படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த மாதிரிப் படத்தில் ஒரு பாத்திரமே காணாமல் போய்விடும்.

ஆக, தப்பு என்மேல் மட்டும் இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல். ஆனால் லேசாகக் கேட்டது என்று சொன்ன அந்த ஒருவரும் அதே நாலரையில்தானே உட்கார்ந்திருந்தார்?

அமர்வு முடிந்ததும் வரிசையில் நின்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "மேடம், நான் காலையில இருபத்தஞ்சாவது நிமிஷத்துலயே எழுந்து போயிட்டேன்."

ஹார்ட் டிஸ்கைப் பையில் வைத்துக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தார். "இருபத்தேழுல கதவு திறக்கும்" என்றார். அவ்வளவுதான், அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

கதவைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று அந்த லேசாகக் கேட்டவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார், நல்ல மனிதர். படம் நாளைக் காலை எட்டரைக்கு முதல் அரங்கில் மறுதிரையிடல். அதே நேரத்துக்கு நான் முன்பதிவு செய்து வைத்திருந்த வேறொரு படத்தை, எல்லோரும் டிக்கெட் கிடைக்காமல் அலைகிற படத்தை, சற்று முன்தான் ரத்து செய்தேன். எட்டே காலுக்கே போய் புரொஜெக்ஷன் அறைக் கதவைத் தட்டி, ஃபேடர் எதில் இருக்கிறது என்று கேட்கப்போகிறேன். துரத்திவிட்டால், முன்வரிசையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து இருக்கை.