லோச் தொட்டியில் விளக்கு அணைந்த பிறகு

கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொள்ளுப்பிட்டி அலுவலகங்களிலும் மீன்தொட்டி பராமரிக்கிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி: "அண்ணை, இந்தச் செயின் லோச் கழிவைத் தின்னுமோ?" தின்னாது. செயின் லோச் ஒரு சிறிய அயிரை மீன்; நத்தைக் குஞ்சைத் தின்னும், இறால் குஞ்சு அகப்பட்டால் அதையும் விடாது. கழிவைக் கிளறிவிடும், அவ்வளவுதான். கழிவு தின்னும் என்று நம்பி வாங்குகிறவர் இரண்டே இரண்டுதான் வாங்குவார். தொல்லை அங்கேயே தொடங்கிவிடும்.

சிட்திமுன்கி என்றும் சொல்லும் இந்தச் செயின் லோச் தாய்லாந்து ஆறுகளுக்கு உரியது. அங்கே இயற்கையில் அருகிவிட்டது. கடைக்கு வருவது பண்ணைகளில் ஹோர்மோன் ஊசி போட்டுப் பெருக்கியது. வளர்ந்தால் ஐந்தாறு சென்ரிமீற்றர். மற்ற அயிரை இனங்களைப்போல் பகல் முழுக்க ஒளிந்து கிடக்காது. கூட்டமாக நடுநீரில் திரியும், அகன்ற இலையில் வரிசையாக வந்து உட்காரும். மூன்று நான்கு மட்டும் விட்டால் வலியது ஒன்று மற்றவற்றை ஓட்டி ஓட்டியே மெலிய வைத்துவிடும். எட்டுக்கு மேல் போனால் அந்த அடி பங்காகிப் போகும். எட்டு மீனுக்கு 60×30 சென்ரிமீற்றர் அடிப்பரப்பும் ஐம்பது அறுபது லீற்றர் தண்ணீரும் வேண்டும். மேசைமேல் வைக்கும் 20 லீற்றர் கண்ணாடிப் பெட்டி இதற்கு ஆகாது.

கொழும்பில் ஹீட்டர் தேவையில்லை. தொட்டி தானாகவே 28, 30 பாகையில் நிற்கும். இந்த மீன் அந்தச் சூட்டைத் தாங்கும். தாங்காதது ஒக்சிசன் குறைவை. 25 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒக்சிசன் பிடிக்கும்; 30 பாகையில் அது 7.6 தான். இதன்மேல் செடி அடர்ந்த தொட்டியில் விளக்கு அணைந்ததும் செடியும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். ஒக்சிசன் ஆகக் குறைவது விடியப்போகும் நேரத்தில். பத்து மணிக்கு அலுவலகம் வருகிறவர் கண்ணில் இது படாது. அதற்குள் விளக்கு எரிந்து எல்லாம் சரியாகியிருக்கும். காலை ஆறு மணிக்குப் பார்க்கவேண்டும். மீன்கள் மேற்பரப்பில் வாயை வைத்து நின்றால் காரணம் அநேகமாக இதுதான்.

செடிக்காரர்கள், செடி வளரச் சிலிண்டரிலிருந்து விடும் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும் என்று மேற்பரப்பை அசையாமல் வைப்பார்கள். லோச்சுக்கு நேர்மாறாக, ஒக்சிசன் கரைய அலை எழவேண்டும். இரண்டையும் ஒப்பேற்ற முயல்வதைவிட மீன் பக்கம் சாய்வதே நல்லது. காபனீரொட்சைட்டுச் சிலிண்டரை விட்டுவிட்டு, இலங்கை ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் வெண்டி என்ற நீர்ச்செடியை நடலாம். குறைந்த வெளிச்சமே போதும். நட்டதும் இலை கரைந்து போகும். பிடுங்கவேண்டாம், வேரிலிருந்து மறுபடி வரும். அனுபியாஸ், ஜாவா பேர்ன் என்ற செடிகள் இரண்டையும் மரக்கட்டையில் கட்டினால் மண்ணே வேண்டாம். சிலிண்டர் இருந்தே ஆகவேண்டும் என்றால் விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பே அதை மூடிவிட்டு, இரவெல்லாம் எயார் பம் ஓட டைமர் போடவேண்டும்.

மேலே வைக்கும் மின்விசிறி தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைக் குறைக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு பாகை இறங்கினாலே பெரிய காரியம். வெள்ளி மாலை ஏசி நின்று திங்கள் காலை ஓடும் அலுவலகங்களில் அந்த ஏற்ற இறக்கமே பெரிய பிரச்சினை. ஏசிக் காற்று நேரே படும் இடத்தில் தொட்டியை வைக்கக்கூடாது.

அடியில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த உருண்டை மணல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போதும். கூர்க்கல் மீசையைத் தேய்த்துவிடும். கடல்மணலில் சிப்பித்தூள் இருப்பதால் கடினத்தன்மை ஏறும். குழாய்த்தண்ணீரில் குளோரின் உண்டு. குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேற்று) 10 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து வைத்து, பத்து லீற்றர் வாளிக்கு 10 மில்லிலீற்றர் ஊற்றினால் வழமையான அளவுக்குப் போதும். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றலாம். புதுத் தொட்டியில் இரண்டு மாதமாவது கழிந்த பிறகே லோச். பில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பொஞ்ச் போடாவிட்டால் மீன் உள்ளே புகுந்துவிடும். மூடியில் குழாய்க்கு விட்ட இடைவெளியாலும் பாயும்.

வாங்கும்போது மேலிருந்து பார்க்கவேண்டும். தலைக்குப் பின்னால் முதுகு கத்திபோல ஒடுங்கியிருந்தால் அநேகமாகக் குடற்புழு, விடவேண்டியதுதான். பிடிக்க வலை வேண்டாம், பிளாஸ்டிக் குவளை போதும். கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் முள்ளைப் பயந்தால் நிமிர்த்தும், அது வலைக்கண்ணில் கொழுவிக்கொள்ளும். இழுத்தால் கண்ணோரம் கிழியும். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். கழராவிட்டால் நூலை வெட்டவேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போடும்போது செதில் மிகச் சிறிய மீன் என்பதால் பாதி அளவில் தொடங்கவேண்டும், எயார் பம் நிற்கக்கூடாது. சாப்பாடு, அமிழும் சிறு உருண்டைகளை ஐந்தாறு இடத்தில் போட்டால் சண்டை குறையும். சனி ஞாயிறு காவலாளியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட இரண்டு நாள் பட்டினி மேல். கரண்ட் போனால் தானே ஓடத் தொடங்கும் பற்றரி எயார் பம் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் சரி.